வெள்ளை வளையமும் கறுப்பு வளையமும்

சுடச்சுடக் காபி ஊற்றிய டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால், பளபளக்கும் தேக்குப் பலகையில் டம்ளரின் அடிவட்டம் வெள்ளையாகப் பதிந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தாலும் போவதில்லை, சோப்பு நுரை வைத்துத் தேய்த்தாலும் போவதில்லை. விரலால் தடவிப் பார்த்தால் மேடோ பள்ளமோ தட்டுப்படுவதும் இல்லை. காபி பழுப்பு நிறம், மரமும் பழுப்பு நிறம். இரண்டுக்கும் நடுவே இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

அதைப் போக்கும் வழி இன்னும் வியப்பானது. பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பவர்கள் வளையத்தின் மேல் பருத்தித் துணியை மடித்துப் போட்டு, இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் வைத்து எடுக்கிறார்கள். வளையம் மங்கி மறைகிறது. சூட்டால் வந்ததைச் சூடே எப்படி எடுக்கும்?

மரத்தின் மேல் ஒரு தோல்

மேசையைத் தொடுகிறவரின் கை பெரும்பாலும் மரத்தைத் தொடுவதில்லை. அதன் மேல் பூசியிருக்கும் பாலிஷைத்தான் தொடுகிறது. தலைமுடியின் பருமன்கூட இல்லாத அந்த மெல்லிய படலம் கண்ணாடிபோல் ஒளியை உள்ளே விடுவதால்தான் அடியிலுள்ள மரத்தின் ரேகைகள் தெரிகின்றன. வீட்டில் மரச்சாமான்களுக்கு நேரும் கேடுகளில் பாதி இந்தத் தோலோடு நின்றுவிடுகிறது. மீதிப் பாதிதான் மரத்துக்குள் இறங்குகிறது. எது எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று தெரியாமல் கையில் கிடைத்ததைப் போட்டுத் தேய்ப்பதால்தான் நல்ல மேசைகள் பல பாழாகின்றன.

பழைய வீடுகளின் சாமான்களில் இந்தத் தோல் பெரும்பாலும் அரக்கு. செட்டிநாட்டுக்குப் பர்மாத் தேக்கு கப்பலேறி வந்த காலத்தில், நல்ல நாற்காலிக்கும் அலமாரிக்கும் ‘பிரெஞ்ச் பாலிஷ்’ போடுவதுதான் வழக்கம். பெயரில் பிரான்ஸ் இருந்தாலும் அதன் மூலப்பொருள் இந்தியக் காடுகளில் விளைவது. புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் அரக்குப் பூச்சிகள் தம்மைச் சுற்றிச் சுரக்கும் பிசின் அது. கிளையோடு ஒடித்தெடுத்தால் கொம்பரக்கு. உருக்கி வடித்து, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால், அவல் போன்ற செதில்களாகக் கிடைப்பது அவலரக்கு. இந்தப் பூச்சியையும் அதன் பிசினையும் ஆராய்வதற்கென்றே ராஞ்சிக்கு அருகே 1924-இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. ஜார்க்கண்ட் இன்றும் அரக்கு விளைச்சலில் முன்னணியில் இருக்கிறது.

அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் கரைந்துவிடும். பஞ்சை வெள்ளைத் துணியில் முடிந்து, அந்தக் கரைசலில் தொட்டு, மரத்தின் மேல் ஓயாமல் வட்டமிட்டுத் தேய்த்தால் ஸ்பிரிட் ஆவியாகி அரக்குப் படலம் மட்டும் தங்கும். ஒருமுறை பூசினால் போதாது. பல நாட்கள், பல பூச்சுகள் வேண்டும். அந்தக் கைவேலையின் பயன்தான் பழைய மேசைகளின் ஆழ்ந்த பளபளப்பு.

அரக்குக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஸ்பிரிட் பட்டால் கரையும், சூடு பட்டால் இளகும். தபால் உறைக்கு அரக்கு முத்திரை வைக்கும்போது அது மெழுகுவர்த்திச் சுடரில் இளகிச் சொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அவலரக்கு ஏறக்குறைய 65 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கி, 75 முதல் 80 டிகிரிக்குள் உருகிவிடுகிறது. அப்போது இறக்கிய காபியின் சூடும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

பஜ்ஜித் தாளில் ஒரு பாடம்

வெள்ளை வளையத்தில் வெள்ளைப் பொருள் எதுவும் இல்லை. சுண்ணாம்பும் இல்லை, பாலும் இல்லை. கண்ணாடி நிறமற்றது, பொடியாக்கினால் வெள்ளை. பனிக்கட்டி நிறமற்றது, சீவிக் குவித்தால் வெள்ளை. சோப்புத் தண்ணீர் தெளிந்தது, நுரைத்தால் வெள்ளை. ஒளியை உள்ளே விடும் ஒரு பொருளுக்குள் வேறொரு பொருள் நுண்ணிய துளிகளாகவோ குமிழிகளாகவோ நிறைந்துவிட்டால், ஒளி நேராகச் செல்ல முடியாமல் ஒவ்வோர் எல்லையிலும் சிறிது சிறிதாகத் திரும்பி எல்லாத் திசைகளிலும் தெறிக்கிறது. இதை ஒளிச்சிதறல் என்பார்கள். எல்லா நிறங்களும் ஒன்றுபோலச் சிதறும்போது கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பாலிஷுக்குள் அகப்பட்ட ஈரமும், அது விட்டுச்சென்ற வெற்றிடங்களும் செய்வது இதைத்தான். அவை தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே போதும்.

இதன் மறுபக்கத்தைத் தேநீர்க் கடையில் நாள்தோறும் பார்க்கலாம். பஜ்ஜி வைத்துக் கொடுத்த தாளில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் கண்ணாடிபோல் ஆகி, பின்பக்கத்து எழுத்து தெரிகிறது. தாளின் நார் எண்ணெய்க்கு முன்னும் நிறமற்றதுதான், பின்னும் நிறமற்றதுதான். நார்களுக்கு இடையே முன்பு காற்று இருந்தது, இப்போது எண்ணெய் இருக்கிறது. மாறியது அவ்வளவே.

இந்த மாற்றத்தை எண்ணிப் பார்க்கவும் முடியும். ஒரு பொருளுக்குள் ஒளியின் வேகம் எத்தனை மடங்கு குறைகிறது என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1. தண்ணீருக்கு 1.33. தேங்காய் எண்ணெய்க்கு 1.45. அரக்குக்கு ஏறத்தாழ 1.52. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பொருள்களின் எண்கள் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவு ஒளி எல்லையில் திரும்பும். சமமான ஓர் எல்லையில் நேராக விழும் ஒளியைப் பத்தாயிரம் பங்காக வைத்துக்கொண்டால், அரக்கும் காற்றும் சந்திக்கும் இடத்தில் நானூறு பங்குக்குச் சற்று மேல் திரும்பும். அரக்கும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நாற்பத்து நான்கு. அரக்கும் தேங்காய் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் வெறும் ஐந்தாறு. காற்றுக்கும் எண்ணெய்க்கும் எழுபது மடங்குக்கு மேல் வேறுபாடு. வெள்ளை வளையத்துக்குப் பாட்டிமார் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னதன் கணக்கு இந்த எண்களில் இருக்கிறது.

டபரா இல்லாத டம்ளர்

இனி அந்தப் பத்து நிமிடத்தில் நடந்ததை வரிசையாகப் பார்க்கலாம். எவர்சில்வர் டம்ளரின் அடித்தகடு மெல்லியது. உள்ளே இருக்கும் சூடு நொடிகளில் வெளியே வந்துவிடும். டபராவில் வைத்திருந்தால் நடுவே இன்னொரு தகடும் கொஞ்சம் காற்றும் இருந்திருக்கும். நேரே மேசையில் வைத்ததால், டம்ளரின் அடிவிளிம்பு தொட்ட இடமெல்லாம் பாலிஷ் இளகுகிறது.

இளகிய பாலிஷ் ஈரத்தை எளிதில் உள்ளே விடும். ஈரத்துக்கும் பஞ்சமில்லை. ஆற்றும்போது சிந்திய துளி விளிம்பில் ஒட்டியிருக்கும். குழிந்த அடிப்பகுதிக்குள் நீராவி அடைபட்டிருக்கும். மரமே உள்ளுக்குள் ஈரம் வைத்திருப்பது. கடலோர ஊர்களில் நன்கு உலர்ந்த தேக்கிலும் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் இருக்கும். இளகிய படலத்துக்குள் ஈரம் நுண்துளிகளாகப் பரவுகிறது. டம்ளரை எடுத்ததும் படலம் சட்டென்று குளிர்ந்து இறுகுகிறது. உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வரும் வழி அடைபட்டுவிடுகிறது.

குளிர்ந்த மோர் டம்ளரும் வளையம் போடும், ஆனால் மெதுவாக. அங்கே சூடு இல்லை. டம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகப் பூத்த நீர் வழிந்து அடியில் தேங்கி, மணிக்கணக்கில் அரக்குக்குள் ஊறுகிறது.

புதிதாக விழுந்த வளையம் இரண்டொரு நாளில் தானே மங்குவதும் உண்டு. ஈரம் மெல்லக் கசிந்து வெளியேறிவிடும். ஆகவே முதல் நாளே எதையும் தடவாமல், மேசையைத் துடைத்துக் காற்றாட விடுவதுதான் முதல் மருந்து. விட்டுவிட்ட பழைய வளையம் பிடிவாதமானது. ஈரம் போன பிறகும் அது இருந்த இடம் தூர்ந்துவிடாமல் காற்று நிரம்பிய துளையாக நின்றுவிட்டால், மேலே சொன்ன கணக்குப்படி அது தண்ணீர்த் துளியைவிட வெள்ளையாகத் தெரியும்.

இஸ்திரிப் பெட்டியின் வேலை

சூடு ஈரத்தை உள்ளே விட்டது. அதே சூடு, ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த துணி ஒன்று மேலே இருந்தால், அதை வெளியே எடுக்கும். பாலிஷ் மறுபடி இளகும்போது அடைபட்ட நீர் ஆவியாகித் துணிக்குள் போகிறது. இளகிய அரக்கு தானே பரவித் துளைகளை மூடிக்கொள்கிறது. சூட்டின் பக்கம் ஈரம் இருந்ததா, உலர்ந்த துணி இருந்ததா என்பதில்தான் கேடும் பரிகாரமும் பிரிகின்றன.

இதைச் செய்யும் முறையில் அவசரம் கூடாது. துணி பழைய வெள்ளை வேட்டியாக இருந்தால் நல்லது. சாயத்துணியின் நிறம் இளகிய பாலிஷில் இறங்கிவிடும். நைலான், பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். துணியை இரண்டு மூன்று மடிப்பாக வளையத்தின் மேல் விரிக்க வேண்டும். நீராவி இஸ்திரிப் பெட்டியாக இருந்தால் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. சூட்டுத் திருகை மிகக் குறைந்த அளவில், ஒற்றைப் புள்ளியில் வைத்தாலும் தகடு 110 டிகிரி வரை போகலாம். மடித்த துணியும் குறைந்த நேரமும்தான் அதைப் பாலிஷ் தாங்கும் அளவுக்குத் தணிக்கின்றன. பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஐந்து நொடி மெல்ல நகர்த்தி, எடுத்து, துணியைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

முதல் தடவையில் வளையத்தின் ஓரம் மட்டும் கலங்கும். இரண்டாம், மூன்றாம் தடவையில் வெள்ளை திட்டுத் திட்டாக உடையும். சில மேசைகளில் துணியைத் தூக்கியதும் வளையம் கண்ணெதிரே, மூச்சு பட்ட கண்ணாடி தெளிவதுபோலத் தெளியும். துணி ஒட்டுவதாகத் தோன்றினால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். அரக்கு இளகும் எல்லையைத் தாண்டி உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் துணியை அழுத்தினால் அதன் நெசவு பாலிஷில் அச்சாகப் பதிந்துவிடும். தலைமுடி உலர்த்தும் கருவி இருந்தால் இன்னும் பத்திரம். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

எண்ணெய், சாம்பல், பற்பசை

இஸ்திரிக்கு மசியாத பழைய வளையத்துக்கு எண்ணெய். தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவி ஓர் இரவு விட்டால், நுண்ணிய விரிசல்கள் வழியே உள்ளே ஊறி, காற்று இருந்த இடத்தை நிரப்புகிறது. காலையில் துடைத்தால் வளையம் மங்கியிருக்கும், சில சமயம் மறைந்தே போயிருக்கும். ஆனால் இது பஜ்ஜித் தாளின் வித்தைதான். துளை ஆறவில்லை, கண்ணுக்கு மறைந்திருக்கிறது. வாஸ்லின் காற்றில் கெட்டுப்போவதில்லை என்பதால் தேங்காய் எண்ணெயைவிட நீண்ட நாள் தாங்கும்.

எண்ணெயில் குழைத்த சாம்பலும் பற்பசையும் வேறு வகையில் வேலை செய்கின்றன. இரண்டிலும் இருப்பது மிக மென்மையான அரம். வெண்மை படலத்தின் மேற்பரப்பை ஒட்டியே இருந்தால், அந்த மேற்பரப்பைச் சிறிது சீவி எடுத்துவிடுகின்றன. பளபளப்பும் சேர்ந்து போகும் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. விறகுச் சாம்பலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காரம், காரம் அரக்கைக் கரைக்கும். எண்ணெய் சேர்க்காமல் தண்ணீரில் குழைத்த சாம்பலை அரக்குப் பாலிஷின் மேல் தேய்த்தால் வளையத்தோடு பாலிஷும் வந்துவிடும்.

எந்தப் பாலிஷ்?

இதுவரை சொன்னது அரக்குக்கு. இன்று கடைகளில் வாங்கும் சாமான்களில் மெலமைன், பாலியூரித்தேன் போன்ற பூச்சுகளே அதிகம். தச்சர்கள் பின்னதைப் ‘பியூ’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். வெல்லத்தைச் சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகும். அரக்கு அந்த இனம், இளகு பிசின். வெந்த முட்டை அப்படியல்ல. ஒருமுறை இறுகியது இறுகியதுதான். பாலியூரித்தேன் இந்த இனம், இறுகு பிசின். அதன் மூலக்கூறுகள் வலைபோல ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் சூட்டுக்கு எளிதில் இளகுவதில்லை. வளையம் விழுவது அரிது, விழுந்தால் இஸ்திரியால் எடுப்பதும் அரிது.

கண்டுபிடிக்க ஒரு சொட்டு ஸ்பிரிட் போதும். மேசைக்கு அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில் வைத்து ஒரு நிமிடம் கழித்து விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிசுபிசுத்தால் அரக்கு. அசையாவிட்டால் பக்கத்தில் ஒரு சொட்டுத் தின்னர். அதற்கு இளகினால் தெளிப்பானால் அடிக்கும் லாக்கர் பூச்சு. இரண்டுக்கும் அசையாதது பெரும்பாலும் இறுகு பிசின். கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் நச்சான மெத்தனால் கலந்திருக்கும், தீயும் சட்டென்று பற்றும். அடுப்பு எரியும் அறையில் அதைத் திறக்கக் கூடாது.

கறுப்பு வளையம்

பூத்தொட்டி வைத்த இடத்தில் விழும் வளையம் வெள்ளையல்ல, கறுப்பு. இது பாலிஷில் இல்லை. பாலிஷைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிட்டது. இங்கே நடந்தது ஒளியின் விளையாட்டும் அல்ல, வேதிமாற்றம்.

கடுக்காயை ஊறவைத்த நீர் வெளிர்மஞ்சள். அதில் அன்னபேதியைக் கரைத்துவிட்டால் சற்று நேரத்தில் மையாகக் கறுத்துவிடும். கடுக்காயில் இருக்கும் துவர்ப்பொருளான டானினும் அன்னபேதியில் இருக்கும் இரும்பும் சேர்ந்து கறுப்பு உண்டாகிறது. பல நூற்றாண்டுகள் உலகின் பல பகுதிகளில் எழுதப் பயன்பட்ட மை இதே வகை. மரங்களிலும் டானின் உண்டு, கருவேலில் மிகுதி, தேக்கில் ஓரளவு. ஈரமான இரும்புச் சட்டி, துருப்பிடித்த தகரம், மரத்தில் அடித்த ஆணி, இவற்றில் எதுவானாலும் ஈரத்தோடு சேர்ந்தால் மரத்துக்குள்ளேயே மை தயாராகிவிடும். மரத்தை இரும்புக் கம்பிநாரால் தேய்ப்பதை விவரமறிந்த தச்சர்கள் தவிர்ப்பதும் இதனால்தான். ரேகைகளுக்குள் சிக்கிய துகள்கள் அடுத்த மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகக் கறுக்கும்.

இந்தக் கறைக்கு மருந்து ஆக்ஸாலிக் அமிலம். மொசைக் தரைக்கு மெருகேற்றும் வெள்ளைத் தூளாக வன்பொருள் கடைகளில் கிடைக்கிறது. அது இரும்பைத் தன்னோடு இறுகப் பிணைத்துத் தண்ணீரில் கரைய வைக்கிறது. இரும்பு விலகியதும் டானினுக்குப் பழைய நிறம் திரும்புகிறது. முதலில் அந்த இடத்தின் பாலிஷைச் சுரண்டியோ கரைத்தோ நீக்க வேண்டும், இல்லாவிட்டால் அமிலம் மரத்தைத் தொடாது. தூளை வெந்நீரில் கரைத்து, வளையத்தில் மட்டும் இல்லாமல் பலகை முழுவதும் பூசினால் திட்டு விழாது. ஓர் இரவில் கறுப்பு வெளிறும். பிறகு நல்ல தண்ணீரால் பலமுறை கழுவித் துடைத்து, முழுவதும் உலர்ந்த பின்பே புதுப் பாலிஷ் போட வேண்டும்.

இது விளையாட்டான பொருள் அல்ல. உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கரைக்க வேண்டும். உலர்ந்த மரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் மிச்சத் தூள் மூச்சில் ஏறும், ஆகவே கழுவாமல் தேய்க்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு சேர்த்துவிட்டால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். குழந்தைகள் உள்ள வீட்டில் மிச்சத்தைச் சேர்த்து வைக்காமல் இருப்பதே நல்லது. எலுமிச்சைச் சாறும் இதே வேலையைச் செய்யும், ஆனால் வலிமை குறைவு. லேசான, புதிய கறைக்கு மட்டும் அதை நம்பலாம்.

மஞ்சளும் எண்ணெயும்

மஞ்சள் கறையைச் சோப்பால் கழுவினால் சிவக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதும் இதே காரணத்தால்தான், சோப்பும் காரம். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரைவதில்லை. ஸ்பிரிட்டில் கரையும், ஆனால் அரக்கும் சேர்ந்து கரைந்துவிடும். இதற்கு மலிவான மருந்து வெயில். மஞ்சள் நிறப்பொருள் சூரிய ஒளியில் சிதைந்துவிடும். உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நாற்காலியை இரண்டு மூன்று நாள் இளவெயில் படும்படி வைத்தால் கறை வெளிறிவிடும். உச்சிவெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும்.

பாலிஷ் இல்லாத மரத்தில் சிந்திய எண்ணெயை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். கடலை மாவோ முகப்பவுடரோ தூவி ஓர் இரவு விட்டு, மாவு கனத்ததும் தட்டிவிட்டுப் புதிதாகத் தூவலாம். தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் பரவுமே ஒழிய வெளியே வராது.

கருகிய இடம்

காபி டம்ளரால் மரம் கருகாது. அதற்கு 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அடுப்பிலிருந்து நேரே இறக்கி வைத்த தோசைக்கல், ஊதுவத்தியின் கனல், சாய்ந்த விளக்கு ஆகியவற்றுக்கு அந்தச் சூடு உண்டு. மரநாரும் அதைப் பிணைக்கும் லிக்னினும் அப்போது சிதைந்து கரியாகின்றன. முன்பு சொன்ன எந்த மருந்தும் இங்கே பயன்படாது, கரி மறுபடி மரமாகாது. கூரிய கத்தியை நிறுத்திப் பிடித்து, ரேகை ஓடும் திசையிலேயே கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும். நல்ல நிறமுள்ள மரம் தெரிந்ததும் நிறுத்திவிடலாம். ஆழமில்லாத பள்ளமானால் உப்புத்தாளால் ஓரங்களைச் சமன்செய்து, பாலிஷைத் தொட்டுத் தொட்டு நிரப்பலாம்.

ஆழமான பள்ளத்துக்குத் தச்சர்கள் மரத்தின் நிறத்துக்கு ஏற்ற அரக்குக் குச்சியை எடுத்துக்கொள்கிறார்கள். சூடான கத்தி நுனியில் அதை உருக்கிப் பள்ளத்தில் சொட்டவிட்டு, விளிம்புக்குச் சற்று மேலே நிற்கும்படி நிரப்பி, ஆறி இறுகியதும் மரத்தோடு சமமாகச் சீவிவிடுகிறார்கள். அதன் மேல் பஞ்சு முடிச்சால் இரண்டு கை பாலிஷ் போட்டால் வேலை முடிந்தது.